சோஃபி வருமுன் நட்ட கத்தரி

அக்கா,

இன்று காலை உடுப்புத் தோய்க்கிற தூள் எடுக்கக் கீழே நிலவறைக்கு, கெல்லருக்குப் போனேன். இருட்டில் காலில் ஒரு பை தட்டுப்பட்டது. உங்களுடைய சேலைப் பை. திறந்தவுடன் மண்ணும் பூச்சி உருண்டையும் பழைய நைலெக்ஸும் கலந்த அந்த மணம் முகத்தில் வந்து அடித்தது. ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்தேன். மடிப்புக் கலையவில்லை, ஒன்றிலும் ஈரமில்லை. மே மாதம் முடியப்போகிறது. மற்ற வருஷங்களில் இந்த நேரம் அவை எல்லாம் நனைந்து சேறு பிடித்து என் பால்கனியில் தொங்கும், கீழ்வீட்டுக்காரி தண்ணீர் சொட்டுகிறது என்று முறைப்பாடு சொல்லுவாள்.

இந்த வருஷம் சேலைகள் வெளியே வரவில்லை. வேண்டிய இரவில் நானும் வரவில்லை. கத்தரிக் கன்றுகள் எல்லாம் பனியில் செத்துப்போயின, அக்கா. ஒன்றுகூட மிச்சமில்லை.

நீங்கள் இருந்திருந்தால் முதலில் என்னைத் திட்டித் தீர்த்திருப்பீர்கள், பிறகு தேத்தண்ணி ஊற்றித் தந்திருப்பீர்கள். இரண்டுக்கும் ஆளில்லாமல்தான் எழுதுகிறேன். நீளமாக எழுதிய எதையும் வாசிக்க உங்களுக்குப் பொறுமை இருந்ததில்லை. “வாயாலை சொல்லன், இதுக்கென்ன கடிதாசி” என்பீர்கள். வாயால் சொல்லத்தான் ஆசை. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

அந்தத் தோட்டத்தை நான் கேட்கவேயில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் குசினியில் இரண்டுபேரும் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த காலம். ஒருநாள் மதிய இடைவேளையில் எங்கேயோ போய்விட்டு வந்து, “உன்ர பேரையும் எழுதிப் போட்டு வந்திட்டன்” என்றீர்கள். எதற்கு என்று கேட்டேன். “மண்ணுக்கு. ரெண்டு பேர் போட்டால் கெதியாக் கிடைக்குமாம்.” கெதியாகக் கிடைக்கவில்லை. எழுதிப் போட்டதையே நாங்கள் மறந்துபோன பிறகுதான் தோட்டச் சங்கத்திலிருந்து கூப்பிட்டு, ஊரோரத்தில் வேலி அடைத்து வாடகைக்குக் கொடுக்கும் துண்டுகளில் ஒன்றைக் காட்டினார்கள். மேலே தெரு, கீழே பள்ளம், இடையில் கோணல்மாணலாக ஒரு கல்லுப்படிக்கட்டு. நான் படியைப் பார்த்துப் பயந்து நின்றேன். நீங்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினீர்கள். ஸ்டுட்கார்ட்டில் சமதரையாக ஓரிடம் கிடைத்தால் அதில் யாராவது காரை விட்டிருப்பார்கள், எங்களுக்கு எங்கே தரப்போகிறார்கள் என்று அங்கிருந்து கத்திச் சொன்னீர்கள்.

முதல் வருஷம் சித்திரைப் பிறப்புக்கு நல்ல நேரம் பார்த்துத் தக்காளி நட்டோமே, நினைவிருக்கிறதா? நாட்காட்டியில் கைவிசேஷக் காசு கொடுக்கப் போட்டிருந்த நேரத்தைத்தான் நீங்கள் தக்காளிக்கும் பிடித்தீர்கள். பக்கத்துத் தோட்டத்து ஹெர் ஃபோக்ட் வேலிக்கு மேலால் விரலை ஆட்டி, சோஃபி போகும்வரை வெளியே ஒன்றும் வைக்காதே என்று எத்தனையோ தரம் சொன்னார். யார் இந்த சோஃபி, இவருடைய பெண்சாதியா என்று நீங்கள் என்னைக் கேட்டீர்கள். அடுத்த கிழமை தக்காளி எல்லாம் பனியில் கருகிப்போய்க் கிடந்தபோதுதான் விசாரித்தோம். மே நடுவில் மூன்று ஆண்சாமிகளின் நாள் வருமாம், கடைசியாக ஒரு பெண்சாமி, குளிர்ந்த சோஃபி என்று பெயராம். அவ போனபிறகுதான் பனி போகுமாம்.

“இஞ்சையும் கடைசியா வாற அம்மனுக்குத்தான் சன்னதம் கூட” என்றீர்கள். அன்றிலிருந்து அவர்கள் எங்களுக்குப் பனிச்சாமிகள். யாராவது நாட்காட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால், “பஞ்சாங்கத்துக்குப் பனி தெரியாது” என்று வாயை அடைத்துவிடுவீர்கள்.

ஆனாலும் பொறுமை என்பது உங்களுக்குக் கிடையாது. சாமிகள் வருவதற்கு ஒரு கிழமை முன்பே கன்றுகளை வெளியே வைத்துவிட்டுப் பிறகு காவல் இருப்பீர்கள். அதற்குத்தான் இந்தச் சேலைகள். கடையில் விற்கும் வெள்ளைத் துணி உங்களுக்குப் பிடிக்கவில்லை, சவத்துக்குப் போர்த்துகிற மாதிரி இருக்கிறது என்றீர்கள். கோயிலில் பெண்களிடம் சொல்லி, இனி உடுக்கமாட்டோம் என்று அவர்கள் கழித்த நைலெக்ஸ் சேலைகளை வாங்கி வந்தீர்கள். பருத்தி நனைந்தால் பாரத்தில் கன்றை அமுக்கிவிடும், நைலெக்ஸ் நிற்கும் என்று கண்டுபிடித்ததும் நீங்கள்தான். பின்னேரம் தடி நட்டுச் சேலையை விரித்து நான்கு மூலைக்கும் கல்லு வைப்போம். விடிய வேலைக்குப் போகிறவர்கள் மேலே தெருவில் நின்று கீழே பார்ப்பார்கள். பள்ளம் முழுக்க வெள்ளைத் துணி, நடுவில் எங்கள் துண்டு மட்டும் மாம்பழ மஞ்சளும் கத்தரிப்பூ நிறமும் கிளிப்பச்சையுமாக இருக்கும்.

சோஃபி போன மறுநாள் ஒரு செங்கல்லில் கற்பூரம் கொளுத்துவோம். முதல்முறை அதைக் கண்ட ஹெர் ஃபோக்ட் நெருப்பு வைக்கக்கூடாது என்று சங்கத்து விதியோடு வந்தார். நீங்கள் உங்கள் ஜெர்மனில் விளங்கப்படுத்தினீர்கள், சோஃபிக்குச் சாப்பாடு, சாப்பிட்டால் சோஃபி வீட்டுக்குப் போகும் என்று. அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் கேட்காமலே வந்து நின்றார்.

உங்கள் கத்தரியைப் பற்றியும் சொல்லவேண்டும். கோயில் அன்னதானத்தில் அதன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, ஊர்க் கத்தரிதான் ஊர்க் கத்தரி என்று ஆட்கள் கண் கலங்கும்போது நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவே மாட்டீர்கள். துருக்கிக் கடையில் பழுத்து மஞ்சளித்து, எறிய வைத்திருந்த காயைச் சும்மா வாங்கி வந்து விதை எடுத்தது எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். அதிலிருந்து வருஷாவருஷம் நல்ல காயாகப் பார்த்து விதைக்கு விட்டு, அதை உங்களுடையதாகவே ஆக்கிவிட்டீர்கள். காயைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தீர்கள். விதையை ஒருத்தருக்கும் கொடுக்கவில்லை. மகா கஞ்சத்தனம்.

பிறகு என் புருஷனுக்கு, இவருக்கு, பாரிசவாதம் வந்தது.

பார்சல் வண்டி ஓட்டிய மனிதர், வாய் ஓயாத மனிதர். சனிக்கிழமை வந்தால் தமிழ்க்கடைப் பின்னறையில் முந்நூற்றிநாலு சீட்டு விளையாடி, தோற்றாலும் வென்றாலும் சத்தம் போட்டுவிட்டு வருவார். வலப்பக்கம் விழுந்ததோடு பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல், ஓம். பசிக்குதோ என்றாலும் ஓம், பசிக்கேல்லையோ என்றாலும் ஓம். முதல் மாதங்களில் சீட்டாட்டக் கூட்டாளிகள் வந்தார்கள், பழமும் ஹோர்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். ஓமைத் தவிர ஒன்றும் வராதவரோடு எவ்வளவு நேரம் இருப்பது? ஒருத்தர் ஒருத்தராக நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஏலாது.

ஒருநாள், தோட்டத்துக்குப் போய்விட்டு ஓடிவரட்டோ, தனியே இருப்பீங்களோ என்று கேட்டேன். ஓம் என்றார். நம்பிப் போனேன். வந்து பார்த்தால் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார், நெற்றி வெடித்திருந்தது. அன்றோடு அந்த ஓமை நம்புவதை விட்டேன். காலையில் பராமரிப்புக்கு வருகிற மிரா, அந்த பொஸ்னியாப் பிள்ளை, கிழமையில் இரண்டு நாள் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்பாள். கடைக்கும் டாக்டருக்கும் தோட்டத்துக்கும் எனக்கு இருந்தது அந்த நேரம் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் நானும் அவரும் மூன்றாம் மாடியும். பூட்டு என்று ஒன்று கதவில் வெளிப்பக்கம் இருக்கவில்லை, சிறைக்கும் அதற்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போது தோட்டத்தை முழுக்க நீங்கள்தான் பார்த்தீர்கள். பின்னேரங்களில் கீரையும் மிளகாயும் கொண்டு லிப்ட் இருந்தும் அதற்குப் பயந்து மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கி, இவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு ஊர்ப்புதினம் முழுக்கச் சொல்லுவீர்கள். அப்படி வந்த ஒரு நாளில்தான் அந்தச் சண்டை.

“பகலிலை கொண்டுபோய் வைச்சிருந்து பின்னேரம் கொண்டுவந்து விடுற இடம் இருக்காம், டாகஸ்பிளேக எண்டு. கிழமையிலை ரெண்டு நாள் விடன்” என்றீர்கள்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. “மனிசனை வண்டியிலை ஏத்தி அனுப்பிப்போட்டு நான் போய்க் கத்தரிக்காய் புடுங்கவோ? கோயிலிலை என்ன கதைப்பினம்?”

“கதைக்கிறவை ஒருநாள் வந்து அவரைக் குளிப்பாட்டட்டும். பிறகு கதைக்கட்டும்.”

“உங்களுக்கு என்ன அக்கா, உங்கட மனிசன் நல்லாப் போய்ச் சேர்ந்திட்டார்.”

சொல்லியிருக்கக்கூடாதுதான். நீங்கள் கோபிக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினீர்கள். “நாலு சுவருக்கை நீ அவரைப் பாக்கிறாய், அவர் உன்னைப் பாக்கிறார். விடியத் தொடங்கினா பொழுதுபடுமட்டும் இதுதான். ரெண்டு பேருக்கும் விசர்தான் பிடிக்கும், சொல்லிப்போட்டன்.” கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனீர்கள். அடுத்த கிழமை ஒன்றும் நடக்காதமாதிரிப் பாகற்காயோடு வந்தீர்கள். அந்தக் கதையை நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

போன இலையுதிர் காலத்தில் வேலை முடிந்து வந்து சோபாவில் சாய்ந்தவர் நீங்கள், எழும்பவில்லை. ஆஹென் நகரில் படிக்கிற உங்கள் மகன் அழைத்துச் சொன்னபோது நான் இவருக்குச் சாப்பாடு தீத்திக்கொண்டிருந்தேன். அவருடைய வாயில் கரண்டி. அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். செத்த வீட்டுக்கு மிராவைக் கெஞ்சிக் கேட்டு வந்தேன். உங்களைப் பெட்டியில் பார்த்தேன், தேவாரம் தொடங்கியது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அழத் தொடங்கமுன்னமே எழும்பி வந்துவிட்டேன். எல்லாருக்கும் என் நிலைமை தெரியும், ஒருத்தரும் பிழையாக நினைக்கவில்லை. நான்தான் நினைத்தேன்.

பிறகு உங்கள் மகன் குசினி அலுமாரியில் இருந்த விதைப் போத்தலைக் கொண்டுவந்து தந்தான். அம்மா இதை வேறே ஆருக்கும் குடுக்கமாட்டா அன்ரி என்றான்.

மகளும் வந்தாள், பிராங்பேர்ட்டிலிருந்து. மாதத்தில் ஒரு சனி ஞாயிறு வருகிறவள், வந்தால் வீட்டைப் புரட்டிப்போடுவாள். “அம்மா, தோட்டத்தை விடுங்கோ. இப்ப பெரியம்மாவும் இல்லை” என்றாள். “நீங்கள் ரெண்டு பக்கமும் இழுபடுறீங்கள். சங்கத்துக்கு எழுதிக் குடுத்தா அவை வேறே ஆருக்கும் குடுப்பினம். எத்தினை பேர் காத்துக்கொண்டிருக்கினம்.”

இந்த வருஷம் மட்டும் பார்ப்போம் என்றேன். ஏலாவிட்டால் நானே எழுதிக் கொடுக்கிறேன் என்று வாக்கும் கொடுத்தேன். அவள் நல்லதற்குத்தான் சொல்கிறாள். ஆனால் அந்தப் படிக்கட்டால் இறங்குகிற நேரம் ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. அதுவும் போனால் நான் இந்த வீட்டில் இன்னொரு கதிரை.

மாசி மாதமே போட்டேன், போத்தலில் இருந்த விதை முழுவதையும். அரைவாசி வைத்திருக்கலாம், நீங்கள் எப்போதும் வைப்பீர்கள். எனக்கு ஒரு பயம், ஒன்றும் முளைக்காதோ என்று. முளைத்தன, அக்கா. யன்னல் எல்லாம் தயிர்க்கோப்பை, கோப்பை எல்லாம் கத்தரி. இவருடைய சக்கரக் கதிரையை அந்த யன்னலடியில் விடுவேன். இடக்கை விரலால் ஒவ்வொரு கன்றாகத் தொட்டுக்கொண்டிருப்பார். அந்த மாதங்களில் எனக்கு இரவுகளில் நித்திரை வந்தது.

மே முதல் நாளோடு மகளுக்கு லீவு சேர்ந்து வந்தது. ஒரு முழுப்பகல் நான் பார்க்கிறேன், நீங்கள் போங்கோ என்றாள். வெயிலென்றால் நல்ல வெயில், ஆட்கள் ஐஸ்கிரீமோடு திரிந்தார்கள். சாமிகள் வர இன்னும் நாள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மறந்து நடவில்லை. அடுத்த முழுப்பகல் எனக்கு எப்போது கிடைக்கும் என்று தெரியாமல்தான் நட்டேன். போதாக்குறைக்குக் கோயில் நாட்காட்டியிலும் நல்ல நாள் என்று போட்டிருந்தது, அதையும் ஒரு சாட்டாகப் பிடித்துக்கொண்டேன். தடுக்க ஹெர் ஃபோக்டும் இல்லை, இடுப்பு அறுவை முடிந்து எங்கேயோ மலைப்பக்கம் ஓய்வில் இருந்தார். எல்லாக் கன்றையும் ஒரே நாளில் மண்ணில் வைத்துவிட்டு, குனிந்து குனிந்து நாரி நோக, சந்தோசமாகப் படி ஏறினேன்.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் வானொலியில் சொன்னார்கள், விடியப்புறம் பள்ளங்களில் உறையும் என்று. மிரா காலையில்தான் வருவாள். மகளுக்கு அடித்தேன், “அம்மா, இண்டைக்கு இரவு எனக்கு வேலை, வர ஏலாது” என்றாள். மேல்வீட்டுக் கிரேக்கப் பெண்ணின் மணியை அடித்தேன், வீட்டில் ஆளில்லை. இவரையே கூட்டிக்கொண்டு போவோமா என்று கதிரையைக் கதவுவரை தள்ளினேன். பஸ்வரைக்கும் போகலாம், பஸ்ஸிலும் ஏற்றலாம். அந்தப் படிக்கட்டில் என்ன செய்வது? திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தேன். கோயில் ஆட்களைக் கேட்டிருக்கலாம். கேட்டால் வந்திருப்பார்கள். கேட்க வாய் வரவில்லை. கத்தரிக் கன்றுக்குப் போர்வை போடப் புருஷனைப் பாக்க ஆள் கேட்டவ என்று பிறகு என் பெயரோடு ஒட்டிவிடும்.

கடைசியில் இவருக்கு முன்னால் போய் நின்றேன். “கன்றுகள் சாகப்போகுது. நான் போயிட்டு ஓடியாறன். அசையாமல் இருப்பீங்களோ?”

“ஓம்.”

“எழும்பமாட்டீங்களே?”

“ஓம்.”

செருப்பைப் போட்டேன். கழற்றினேன். அக்கா, அந்த நேரம் இந்த மனிதரை வெறுத்தேன். அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை, தெரியும். என்னைக் கட்டிப்போட்ட கயிறு அந்தக் கதிரையில் இருந்து என்னைப் பார்த்து ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் பால்கனியில் போய் நின்று கையை வெளியே நீட்டிக் குளிரைப் பார்த்தேன். வானத்தில் ஒரு முகில் இல்லை. அது பனியை இறக்குகிற கூடாத வானம் என்று உங்களிடம்தான் கற்றேன்.

மிரா வந்ததும் வராததுமாக ஓடினேன். மேலே தெருவில் நின்றபோதே தெரிந்தது. மற்றவர்களின் துண்டுகளில் வெள்ளைத் துணி, எங்களுடையதில் கறுப்பு. கிட்டப் போனால், வேகவைத்து இறக்கிய கீரை எப்படிச் சுருண்டு கிடக்குமோ அப்படித்தான் கிடந்தன. ஒன்றையாவது காப்பாற்றலாம் என்று தண்டை நகத்தால் கீறிக் கீறிப் பார்த்தேன். உள்ளேயும் பச்சை இல்லை. உங்கள் கத்தரி முடிந்துவிட்டது, அக்கா.

முதலில் அழவில்லை, ஏசினேன். வாய்விட்டு உங்களைத்தான் ஏசினேன். பேரை எழுதிப் போட்டது நீங்கள், மண்ணை என் தலையில் கட்டியது நீங்கள், விதையை ஒருத்தருக்கும் கொடுக்காமல் வைத்திருந்து எனக்கு மட்டும் விட்டுப்போனது நீங்கள், சேலை போர்க்க வரவேண்டிய நேரத்தில் இல்லாமல் போனதும் நீங்கள். அப்படியே சேற்றில் இருந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. செத்த வீட்டில் எழும்பி வந்த இடத்திலிருந்து அது தொடங்கியது. யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போக நேரம் தவறிவிட்டது. மிரா வாசலில் கோட்டோடு நின்றாள், அடுத்த வீட்டுக்குப் பிந்திவிட்டாளாம். என் முழங்காலில் இருந்த சேற்றையும் முகத்தையும் பார்த்துவிட்டுப் போனாள்.

பின்னேரம் மகள் அழைத்தாள். சொன்னேன். “அப்ப சங்கத்துக்கு எழுதுவமோ அம்மா? நான் எழுதித் தாறன், நீங்கள் கையெழுத்து மட்டும் வையுங்கோ” என்றாள். வாக்குக் கொடுத்தவள் நான். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். எதிரே யன்னலடியில் இவர். கன்று இருந்த இடத்தில் வெறும் தயிர்க்கோப்பைகள், அவற்றில் ஒன்றின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். கையெழுத்து வைத்தால் இனி எங்களுக்கு இதுதான் என்று பட்டது. எதையாவது விடத்தான் வேண்டுமென்றால் கோயிலில் கதைக்கிற வாய்களை விடுவோம் என்றும் பட்டது.

“பொறு. முதல்லை வேறே ஒரு இடத்திலை நேரம் எடுக்கவேணும்” என்றேன்.

அடுத்த நாள் நீங்கள் சொன்ன அந்தப் பகல் பராமரிப்பு இடத்தைப் பற்றி மிராவிடம் கேட்டேன். இதற்காகவே காத்திருந்தவள்போல அவளே தொலைபேசியில் கதைத்து முடித்தாள். முதலில் ஒரு நாள் விட்டுப் பாருங்கள், பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம் என்றார்களாம். அந்த நாள் சோஃபி போய் இரண்டொரு நாளில் வந்தது.

காலையில் வண்டி வந்தது. இவருக்கு வெள்ளைச் சேர்ட் போட்டு, தலை இழுத்து, கழுத்துக்குப் பவுடரும் போட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு விடுவதுபோல என்று சொல்லத்தான் ஆசை, உண்மை அதுவல்ல. கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வருகிற மாதிரித்தான் இருந்தது. வண்டியின் பின்பக்கத் தட்டு அவரைக் கதிரையோடு தூக்கியது. மேலே போகும்வரை என்னையே பார்த்துக்கொண்டு போனார். நான் சிரித்துக் கையைக் காட்டினேன். கதவு மூடியதும் தெருவிலேயே நின்று, நான் என்ன பிறவி என்று என்னைக் கேட்டேன்.

அன்று கடையில் வாங்கின தக்காளிக் கன்றும், ஜெர்மன்காரர் விற்கும் மினுங்கல் கத்தரிக் கன்றும் கொண்டுபோய் நட்டேன். உங்கள் கத்தரியின் கால்தூசுக்கு வராது. ஹெர் ஃபோக்ட் தடியூன்றி வேலியடிக்கு வந்தார். கறுத்த கன்றுகளைக் குவித்து வைத்திருந்ததைப் பார்த்தார், உங்கள் சினேகிதி இருந்திருந்தால் திட்டியிருப்பார் என்றார். ஓம், நல்லாத் திட்டியிருப்பா என்றேன். கற்பூரம் கொண்டுபோக மறந்துவிட்டேன். அதைச் சொன்னதும் அவர் சட்டைப்பையில் தடவி ஒரு தீக்குச்சியை எடுத்துக் கொளுத்தினார். விரல் சுடும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். தொப்பியைக் கழற்றக் கை போதாமல் என்னிடம் தலையைக் குனிந்தார், நான் கழற்றினேன். மிச்ச நேரமெல்லாம் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, அது அடிக்கும் அடிக்கும் என்று இருந்தேன். அடிக்கவில்லை. அப்படியும் வண்டி வருவதற்கு வெகுநேரத்துக்கு முன்பே ஓடிவந்து வாசலில் நின்றேன். தோட்டத்துக்குப் போனால் மட்டும் கயிறு அறுந்துவிடாது என்று அன்று விளங்கியது.

நேற்று இரண்டாம் தரம் அவர் போகிற நாள். நான் குசினியில் அவருடைய மருந்துக் குளிசைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். விறாந்தையில் தடால் என்று சத்தம். விழுந்துவிட்டார் என்றுதான் ஓடினேன். விழவில்லை. ஒரு கையாலும் ஒரு காலாலும் கதிரையை உந்தி உந்தித் தானே கதவடிக்கு வந்திருந்தார், சுவரில் இடித்த சத்தம்தான் அது. தலையில் தொப்பி, பின்பக்கம் முன்னாக. மடியில் ஒரு சப்பாத்து. கண் கதவில். வண்டி வருவதற்கு எவ்வளவோ நேரம் கிடந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது, சும்மா இல்லை, நல்ல கோபம். அவரைத் தனியே விட ஏலாமல் உங்கள் கன்றுகளைச் சாகக் கொடுத்தவள் நான், என்னைவிட்டுப் போக இவருக்கு இவ்வளவு அவசரமா? குந்தியிருந்து சப்பாத்தைக் கையில் எடுத்தேன். நான் ஒன்றும் கேட்கமுன்னமே காலை நீட்டினார். அப்போதுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். சனிக்கிழமைகளில் சீட்டாடப் போகிற முகம்.

மாட்டிவிட்டேன். வண்டி வந்தது. இந்த முறை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

லிப்டுக்கும் நிற்காமல் மூன்று மாடியும் ஏறி வந்து உங்களுக்கு அடிக்கத் தொலைபேசியை எடுத்துவிட்டேன், அக்கா. இலக்கத்தை அழுத்தப்போன பிறகுதான் நீங்கள் இல்லை என்று நினைவு வந்தது. அன்று கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனீர்களே, எனக்காகத்தான் கதைக்கிறீர்கள் என்று நினைத்து உங்களைக் கோபித்தேன். நீங்கள் அவருக்காகவும்தான் கதைத்திருக்கிறீர்கள். இதை உங்களிடம் வாயால் சொல்ல இனி ஏலாது. வைத்துக்கொண்டு இருக்கிறேன்.